பியர்டியூப் தளம் வளரும்போது: என்கோடிங்கைப் பிரித்து வைப்பதும் எழுதி வைப்பதும்

பியர்டியூப்பை நிறுவுவது ஒரு சாயங்கால வேலை. அதிகாரப்பூர்வ வழிகாட்டியைப் பார்த்து வரிவரியாகப் போட்டுக்கொண்டே போனால் ராத்திரி சாப்பாட்டுக்குள் சொந்த வீடியோ தளம் தயார். நாலைந்து பேர் வீடியோ ஏற்றும்வரை எல்லாம் ஜோராக ஓடும். பிறகு ஏதாவது ஒரு குழு தன் பழைய கருத்தரங்குப் பதிவுகள் அத்தனையையும் ஒரே சனிக்கிழமையில் ஏற்றும். "அண்ணா, ஏத்தி முடிச்சு ஆறு மணி நேரம் ஆச்சு, வீடியோ இன்னும் வரலையே?" என்று செய்தி வரும்போதுதான் அட்மின் வேலை உண்மையிலேயே தொடங்குகிறது.

அந்த இடத்தில் நிற்பவர்களுக்கான வழிகாட்டி இது. லினக்ஸ் டெர்மினலில் ஓரளவு புழங்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளை இங்கே தரவில்லை. அவை பதிப்புக்குப் பதிப்பு மாறும், அதிகாரப்பூர்வ ஆவணத்தில் எப்போதும் புதிதாகவே இருக்கும். எதை எந்த வரிசையில் செய்வது, ஏன் அப்படி என்பதை மட்டும் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பியர்டியூப் என்பது பிரான்சைச் சேர்ந்த ஃபிராமாசாஃப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு உருவாக்கிவரும் திறமூல வீடியோ தளம். முதல் முழுப் பதிப்பு 2018 அக்டோபரில் வந்தது. யார் வேண்டுமானாலும் தன் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம், நிறுவிய தளங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

உள்ளே என்ன நடக்கிறது

வீடியோவைத் தேர்ந்தெடுத்ததும் பிரவுசர் அதைத் துண்டு துண்டாக அனுப்புகிறது. நடுவில் நெட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். வாசலில் இருக்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் அதை வாங்கி பியர்டியூப்பிடம் கொடுக்கும். கோப்பு முழுதாக வந்ததும் எஃப்எஃப்புரோப் என்ற கருவி அதைத் திறந்து நீளம், அளவு, கோடெக் (வீடியோவைச் சுருக்கி வைத்திருக்கும் முறை) எல்லாம் பார்க்கும். அப்புறம் வரிசையில் ஒரு வேலை சேரும். வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல் 1080பி, 720பி, 480பி என்று தரத்துக்கு ஒன்றாகத் தனித்தனிப் பிரதிகள் செய்யும்; இதுதான் என்கோடிங். தலைப்பு, விவரம், யார் ஏற்றியது, கோப்பு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில்.

இதில் அப்லோடு வாங்குவது லேசான வேலை, என்கோடிங் முரட்டு வேலை. பரோட்டாக் கடையில் கல்லாவில் டோக்கன் கிழிப்பதற்கும் கல்லில் பரோட்டா வேகுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். கூட்டம் சேர்ந்தால் கல்லாவில் இன்னொரு ஆளை உட்கார வைத்துப் பயனில்லை, இன்னொரு கல் போட வேண்டும். புதியவர்கள் முதலில் செய்வது சர்வர் முழுவதையும் பெரிய பிளானுக்கு மாற்றுவது. காசு போகும், ஒரு மாதத்தில் வரிசை மறுபடியும் அதே நீளத்துக்கு வந்துவிடும்.

முதல் படி: அளந்து பாருங்கள்

எஃப்எஃப்எம்பெக் ஓடும்போது திரையில் ஒரு வரி மாறிக்கொண்டே இருக்கும். அதன் கடைசிப் பக்கத்தில் ஸ்பீடு என்று ஓர் எண் வரும். நமக்கு வேண்டியது அதுதான். ஸ்பீடு 1 என்றால் ஒரு மணி நேர வீடியோவுக்கு ஒரு மணி நேர வேலை. 0.8 என்றால் 75 நிமிடம். 3 என்றால் 20 நிமிடம்.

உங்கள் சர்வரிலேயே கையால் ஓட்டிப் பாருங்கள். பியர்டியூப் வழக்கமாகப் பயன்படுத்துவது எக்ஸ்264 என்கோடர், வெரிஃபாஸ்ட் என்ற முன்னமைவு. அதையே நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு இணையத்தில் கிடைக்கும் அழகான மாதிரி வீடியோவை எடுக்காதீர்கள். உங்கள் ஆட்கள் நிஜமாக அனுப்புவதை எடுங்கள்: போனில் நிமிர்த்திப் பிடித்து எடுத்த, நொடிக்கு 60 ஃபிரேம் வீடியோ, இரண்டு மணி நேர மேடைப் பேச்சு. பல புதிய போன்கள் எச்இவிசி கோடெக்கில், 10 பிட் நிறத்தில் பதிவு செய்கின்றன. அதைப் பிரித்துப் படிக்கவே சிபியு கணிசமாகச் செலவாகும்.

உதாரணத்துக்கு உங்கள் சர்வரில் 1080பி 0.8 வேகத்திலும், 720பி 1.5 வேகத்திலும், 480பி 3 வேகத்திலும், 360பி 5 வேகத்திலும் போகிறது என்று வைப்போம். ஒரு மணி நேர வீடியோவுக்கு 75, 40, 20, 12 நிமிடங்கள்; மொத்தம் 147 நிமிடம். ஒரு நாளைக்கு 1440 நிமிடங்கள். சர்வர் மூச்சுவிடாமல் ஓடினாலும் பத்து மணி நேர வீடியோவைக்கூட முடிக்காது. வீடியோக்கள் சீராகவும் வராது, சாயங்காலத்தில் மொத்தமாக வந்து விழும். அதனால் நம்பிச் சொல்லக்கூடிய கணக்கு ஐந்தாறு மணி நேரம்தான். இந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள், பின்னால் வேண்டும்.

ஓடும்போதே இன்னொரு டெர்மினலில் டாப் கட்டளையையும் பாருங்கள். நாலு கோர் சர்வரில் எஃப்எஃப்எம்பெக் 380, 400 சதவீதம் காட்டினால் நாலு கோரும் முழுசாக வேலை செய்கின்றன என்று அர்த்தம். சிபியு சும்மா இருந்தும் வேலை நகரவில்லையென்றால் டிஸ்க்தான் மெதுவாக இருக்கிறது. மேலே சிபியு வரியின் கடைசியில் எஸ்டி என்று ஒரு பத்தி இருக்கும், பலர் கவனிப்பதே இல்லை. அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 15, 20 என்று காட்டினால் அதே இயந்திரத்தில் குடியிருக்கும் மற்ற விர்ச்சுவல் சர்வர்கள் உங்கள் நேரத்தைத் தின்கின்றன. அப்போது அதே இடத்தில் இரண்டு கோர் கூடுதலாக வாங்குவது வீண்செலவு.

இரண்டாம் படி: காசில்லாமல் ஆகக்கூடியவை

எத்தனை தரங்கள் தேவை என்று பாருங்கள். நிறுவியதும் எல்லாவற்றையும் டிக் செய்துவிடுவது பழக்கம். பெரும்பாலும் பேச்சு வீடியோக்கள் உள்ள தளத்துக்கு 1440பியும் 2160பியும் அநாவசியம். 720பியும் 360பியும், கூடவே ஒலி மட்டும் உள்ள பிரதியும் இருந்தால் போதும் என்பது என் கருத்து. பார்ப்பவர்கள் போனில்தான் பார்க்கிறார்கள். மேலே சொன்ன கணக்கில் 1080பியை மட்டும் எடுத்துவிட்டாலே பாதி வேலை குறைகிறது.

ஆளுக்கு இவ்வளவு என்று மொத்த அளவும் தினசரி அளவும் அட்மின் பக்கத்திலேயே வைக்கலாம். தினசரி வரம்பு வைத்தால் அந்தச் சனிக்கிழமைப் பிரளயம் நாலைந்து நாளாகப் பிரிந்துவிடும். சமீபத்தில் நிறைய ஏற்றியவரின் வேலைகளைப் பியர்டியூப்பே கொஞ்சம் பின்னால் தள்ளும் என்பதால் ஒருவர் நூறு வீடியோ போட்டாலும் மற்றவரின் ஒற்றை வீடியோ அடியில் நசுங்காது.

மூன்றாம் படி: வாசலைச் சரிபாருங்கள்

பெரிய கோப்பு ஏற்றும்போது 413 என்ற பிழை வந்தால் என்ஜின்எக்ஸ் திருப்பி அனுப்புகிறது. அதன் இயல்பான வரம்பு வெறும் 1 எம்பி. பியர்டியூப்போடு வரும் மாதிரி அமைப்புக் கோப்பு இதைப் பெரிதாக்கித்தான் வைத்திருக்கிறது. பிரச்சினை வருவது சொந்தமாக எழுதியவர்களுக்கும், அதற்கு முன்னால் இன்னொரு பிராக்ஸி (இடையில் நிற்கும் சர்வர்) வைத்தவர்களுக்கும். சில சிடிஎன் சேவைகளின் (தளத்துக்கு முன்னால் நின்று கோப்புகளைப் பரிமாறுபவை) இலவசப் பிளானில் ஒரு கோரிக்கை 100 எம்பிக்கு மேல் போகாது. பியர்டியூப் நெட் வேகத்தைப் பார்த்துத் துண்டின் அளவைக் கூட்டும், ஒரு கட்டத்தில் 100ஐத் தாண்டும், அப்லோடு முறியும். வேகமான நெட் உள்ளவருக்கு மட்டும் அப்லோடு தோற்கிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். துண்டின் உச்ச அளவை 90 எம்பி என்று அமைப்புக் கோப்பில் கட்டிவிட்டால் தீர்ந்தது.

நான்காம் படி: ரன்னர்

2023இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து என்கோடிங்கை வேறு இயந்திரத்துக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. அந்த இயந்திரத்தில் ஓடும் சிறு நிரலுக்கு ரன்னர் என்று பெயர். இதன் அழகு என்னவென்றால், வேலையைத் தேடிச் சர்வரிடம் போவது ரன்னர்தான், சர்வர் ரன்னரைத் தேடி வருவதில்லை. அதனால் ரன்னருக்குப் பொது ஐபி வேண்டாம், போர்ட் திறக்க வேண்டாம். அலுவலக மாடியில் தூசி படிந்து கிடக்கும் ஐ5 கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு ரன்னராக்கிவிடலாம்.

போகும் வழி இப்படி. முதலில் ரன்னர் இயந்திரத்தில் நோட் ஜேஎஸ், எஃப்எஃப்எம்பெக், ரன்னர் நிரல் மூன்றையும் நிறுவுங்கள். ரூட்டாக ஓட்டாமல் அதற்கென்று தனிப் பயனர் கணக்கு உருவாக்குங்கள். கம்ப்யூட்டர் மறுபடி எழும்போது தானாகவே ஓடும்படி சிஸ்டம்டி சேவையாக வையுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் ஒருநாள் கரண்ட் போய் வரும், ரன்னர் வராது, திங்கட்கிழமைதான் தெரியும். அடுத்து தளத்தின் அட்மின் பக்கத்தில் ரன்னர் வசதியை இயக்கி, பதிவுக்கான டோக்கன் என்ற ரகசியக் குறியீட்டை எடுத்து, தள முகவரியோடு ரன்னரிடம் கொடுங்கள். பெயரும் கேட்கும். ரன்னர்1 என்று வைக்காதீர்கள். மாடி-ஐ5 என்பது போல எந்த இயந்திரம் என்று தெரியும் பெயராக வையுங்கள்.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ரன்னர் வசதியை இயக்கிய நொடியிலிருந்து சர்வர் தானாக என்கோடிங் செய்வதை நிறுத்திவிடும். "ரன்னர் இல்லாவிட்டால் சர்வரே பார்த்துக்கொள்ளும்" என்ற எண்ணம் தவறு. ரன்னர் எல்லாம் படுத்துவிட்டால் வரிசை அப்படியே நிற்கும், பிழைச் செய்திகூட வராது. ஆகவே இரண்டு ரன்னர் வைப்பது நல்லது. இரண்டாவது மெதுவானதாக இருந்தாலும் பரவாயில்லை.

பதிவானதும் ஒரு நிமிட வீடியோ ஏற்றிப் பாருங்கள். பிறகு கொஞ்சம் பெரியதாக ஒன்று ஏற்றி, பாதியில் ரன்னர் கம்ப்யூட்டரின் நெட் கேபிளைப் பிடுங்குங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். இயல்பான அமைப்பில் இரண்டு நிமிடம் ரன்னரிடமிருந்து சத்தம் இல்லையென்றால் சர்வர் அந்த வேலையை மறுபடி வரிசையில் போட்டு, வேறு ரன்னரிடம் கொடுக்கும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு நள்ளிரவில் பதற்றம் வராது.

ரன்னரின் அமைப்புக் கோப்பில் ஒரே சமயத்தில் எத்தனை வேலை, ஒரு வேலைக்கு எத்தனை த்ரெட் (வேலையைப் பங்கிட்டு இணையாக ஓட்டும் இழை) என்று இரண்டு எண்கள் இருக்கும். த்ரெட்டைக் கூட்டக் கூட்ட வேகம் அதே விகிதத்தில் கூடாது. எட்டு கோர் இயந்திரத்தில் ஒரு வேலைக்கு எட்டு த்ரெட் கொடுப்பதைவிட, இரண்டு வேலைக்கு நாலு நாலாகப் பிரித்தால் பொதுவாக நாள் முடிவில் அதிகம் முடியும். ஆனால் ஒவ்வொரு வீடியோவும் கொஞ்சம் தாமதமாக வரும். எது முக்கியம் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

நெட் வேகத்தையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு தரமும் தனி வேலை, ஒவ்வொரு வேலைக்கும் ரன்னர் கோப்பை இறக்க வேண்டும், முடித்ததை மறுபடி ஏற்ற வேண்டும். வீட்டு நெட்டில் அப்லோடு 20 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி நேர வீடியோவின் நாலு பிரதியும் சேர்ந்த 3.8 ஜிபியைத் (கணக்கு ஐந்தாம் படியில்) திருப்பி அனுப்பவே 25 நிமிடம் ஆகும். சிபியு எவ்வளவு வேகமாக இருந்து என்ன பயன்?

டோக்கனை நம்பிக்கையானவர்களுக்கு மட்டும் கொடுங்கள். தனிப்பட்டது என்று குறித்த வீடியோவும் என்கோடிங்குக்காக ரன்னர் இயந்திரத்துக்குப் போகத்தான் செய்யும்.

ஜிபியு போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கென்று பிளகின் வழி உண்டு, வேகமாகவும் இருக்கும். ஆனால் அதே தரத்துக்குப் பொதுவாகக் கோப்பு பெரிதாகும், அந்தச் செலவு சேமிப்பில் மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். முதல் வருடத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஐந்தாம் படி: கோப்புகளுக்கு இடம்

கணக்கு எளிது. 1 எம்பிபிஎஸ் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி. 1080பி 4 எம்பிபிஎஸ், 720பி 2.5, 480பி 1.2, 360பி 0.7 என்று வைத்தால் ஒரு மணி நேர வீடியோவுக்கு நாலு பிரதியும் சேர்த்து 3.8 ஜிபி. தினம் ஐந்து மணி நேரம் வந்தால் மாதத்துக்கு 570 ஜிபி. சர்வர் டிஸ்க் எவ்வளவு நாள் தாங்கும்?

இதற்குத்தான் எஸ்-3 வகை ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ், அதாவது சர்வர் டிஸ்க்குக்கு வெளியே கோப்புகளை வைக்கும் சேமிப்பு; அதில் நமக்கான இடத்துக்குப் பக்கெட் என்று பெயர். 3.4 பதிப்பிலிருந்து பியர்டியூப் இதை ஏற்கிறது. இயக்கிய பிறகு ஏற்றுபவை மட்டுமே அங்கே போகும். பழையவற்றை நகர்த்த ஒரு ஸ்கிரிப்ட் கூடவே வருகிறது. வேலை நடக்கும்போது கோப்பு சர்வர் டிஸ்க்கில்தான் இருக்கும், முடிந்தபின்தான் நகரும். அதனால் உள்ளூர் டிஸ்க்கை 20 ஜிபிக்குச் சுருக்கிவிடாதீர்கள்.

மாற்றியதும் "வீடியோ பக்கம் திறக்கிறது, பிளேயர் கறுப்பாக நிற்கிறது" என்று புகார் வந்தால் பத்தில் ஒன்பது முறை கோர்ஸ் அனுமதிதான் காரணம். உங்கள் தளத்திலிருந்து வரும் கோரிக்கையை ஏற்கும்படி பக்கெட்டில் சொல்லவில்லை. பிரவுசரில் எஃப்12 தட்டி கன்சோலைப் பார்த்தால் சிவப்பில் எழுதியிருக்கும்.

பார்ப்பவர்கள் கூட்டம் இன்னொரு கணக்கு: 720பியில் 100 பேர் பார்த்தால் 250 எம்பிபிஎஸ். பார்ப்பவர்களே துண்டுகளைத் தங்களுக்குள் பகிரும் பி2பி வசதி கொஞ்சம் குறைக்கும், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஆறாம் படி: எழுதி வைப்பது

இதுவரை செய்ததெல்லாம் இப்போது உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறது. இயந்திரம் இரண்டாகிவிட்டது, அட்மின் இன்னும் ஒருவர்தான். நீங்கள் ஊருக்குப் போனால் தளம் அநாதை. என்னைக் கேட்டால் மூன்றாவது ரன்னர் வாங்குவதற்கு முன் இரண்டாவது அட்மினைக் கொண்டுவர வேண்டும், அதற்கு ஆவணம் வேண்டும்.

பெரிய கையேடு எழுத உட்காராதீர்கள், முடியாது. முதலில் ஒரே ஒரு பக்கம்: ராத்திரி இரண்டு மணிக்குத் தளம் படுத்தால் என்ன செய்வது. அதில் பாடம் வேண்டாம், விளக்கம் வேண்டாம். "வீடியோ வரவில்லை என்கிறார்கள். அட்மின் பக்கத்தில் ரன்னர் பட்டியலைத் திற. மாடி-ஐ5 கடைசியாக எப்போது தொடர்பில் இருந்தது? பத்து நிமிடத்துக்கு மேல் என்றால் இந்தக் கட்டளை. வரவில்லையா? மாடி அறைச் சாவி இன்னாரிடம், அவர் எண் இது. ரன்னர் உயிரோடு இருக்கிறதா? அப்படியானால் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா பார்." இந்த நடையில் எழுதினால் தூக்கக் கலக்கத்தில் இருப்பவரும் பின்பற்றுவார்.

பிழைச் செய்திகளைத் தமிழாக்காமல் திரையில் வந்தபடியே ஒட்டுங்கள். அடுத்தவர் அந்த வரியைத்தான் தேடுவார். விளக்கத்தை உங்கள் குழு பேசும் தமிழில் எழுதுங்கள், ஆங்கிலத்தில் எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

அடுத்தது முடிவுகளின் பட்டியல். அமைப்புக் கோப்பைப் பார்த்தால் 1080பி அணைத்திருக்கிறது என்று தெரியும், ஏன் என்று தெரியாது. புதிய அட்மின் நல்லெண்ணத்தில் அதை இயக்குவார், வரிசை தேங்கும். தேதி போட்டு இரண்டு வரி போதும்: "1080பி நிறுத்தியிருக்கிறோம். ஒரு மணி நேர வீடியோவுக்கு 75 நிமிடம் தின்கிறது. எட்டு கோர் ரன்னர் வந்தால் மறுபரிசீலனை." முதல் படியில் அளந்து எழுதிய எண்கள் இங்கேதான் உட்கார வேண்டும். டொமைன் பெயரை மாற்றக் கூடாது என்பதையும் இதில் சேருங்கள். மற்ற தளங்கள் உங்களை அந்தப் பெயரால்தான் அறிந்திருக்கின்றன, பின்னால் மாற்றினால் அந்த இணைப்புகள் அறுந்துபோகும்.

பேக்கப் பக்கத்தில் எடுப்பதை மட்டும் எழுதி நிறுத்தாமல் மீட்பதையும் எழுதுங்கள். போஸ்ட்கிரெஸ் பிரதி, அமைப்புக் கோப்பு, அதில் இருக்கும் ரகசியச் சாவி, வீடியோ கோப்புகள் எல்லாம் வேண்டும். தரவுத்தளம் போய்விட்டால் பக்கெட்டில் மிஞ்சுவது புரியாத நீண்ட எண்ணெழுத்துப் பெயர்களோடு ஒரு குவியல்தான். கடவுச்சொல்லை ஆவணத்தில் எழுதாதீர்கள், எந்தப் பாஸ்வேர்டு மேனேஜரில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆவணத்தை அதே சர்வரில் வைப்பது ஒரு வேடிக்கை. சர்வர் படுத்தால் அதை எழுப்பும் வழியும் சேர்ந்து படுத்துவிடும். தனி கிட் களஞ்சியத்தில் சாதாரண மார்க்டவுன் கோப்பாக வையுங்கள், ஒரு பிரதி உங்கள் லேப்டாப்பிலும் இருக்கட்டும்.

வீடியோ ஏற்றுபவர்களுக்கும் அரைப்பக்கம் வேண்டும். எவ்வளவு பெரிய கோப்பு போகும், எத்தனை மணி நேரத்தில் வெளியாகும், அதுவரை "செயலாக்கத்தில்" என்று காட்டுவது இயல்புதான், எப்போது புகார் செய்யலாம். "ஒரு மணி நேர வீடியோவுக்கு இரண்டு மணி நேரம் பொறுங்கள்" என்று அப்லோடு பக்கத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டால் பாதிச் செய்திகள் வராது.

எழுதியது சரியா என்று பார்க்க ஒரே வழி, தளத்தைத் தொட்டே இராத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, புதிய ரன்னர் ஒன்றை உங்கள் பக்கத்தைப் பார்த்தே சேர்க்கச் சொல்வது. நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது. குறித்துக்கொண்டு அன்றே திருத்துங்கள்.

பதிப்பு ஏற்றும்போதும் இதே ஒழுங்கு. வெளியீட்டுக் குறிப்பில் முக்கியம் என்று போட்டிருக்கும் பகுதியை முழுசாகப் படியுங்கள், தரவுத்தளத்தைப் பிரதி எடுங்கள், சர்வரை ஏற்றியதும் ரன்னர் நிரலையும் புதுப்பியுங்கள். செய்த தேதியையும் இடறிய இடத்தையும் ஆவணத்தில் சேருங்கள்.

அப்படி எழுதியதில் சில வரிகள் உங்கள் தளத்துக்கு மட்டுமானவை அல்ல என்பது கொஞ்ச நாளில் தெரியும். அதிகாரப்பூர்வ ஆவணத்திலேயே ஒரு படி விட்டுப்போயிருக்கும், அல்லது பழசாகியிருக்கும். பியர்டியூப்பின் நிறுவல் ஆவணங்களில் பல நிரலோடு அதே களஞ்சியத்தில் மார்க்டவுனாகவே இருக்கின்றன. திருத்தி அனுப்ப நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பிழை அறிக்கை என்றால் பியர்டியூப் பதிப்பு, எஃப்எஃப்எம்பெக் பதிப்பு, அந்த வேலையின் லாக், எஃப்எஃப்புரோப் அந்தக் கோப்பைப் பற்றிச் சொன்னது, இந்த நாலும் இருக்கட்டும். நிரலையே மாற்றி ஓட்டுகிறீர்கள் என்றால், உரிமம் ஏஜிபிஎல் என்பதால் மாற்றிய நிரலைத் தளத்தைப் பயன்படுத்துபவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். அதற்கான இணைப்பை தளத்தின் 'பற்றி' பக்கத்தில் போட்டுவிடுங்கள்.